மேலே பறந்தவரும் கீழே நின்றவரும்

(தலைப்பு: ஒரு குழுவின் வெற்றிக்குப் பெரிதும் காரணம் தலைவனா? உடன் நிற்பவர்களா?
'உடன் நிற்பவர்களே' அணியின் இரண்டாவது பேச்சு. இடம்: திருப்பூர்)

சனிக்கிழமை சம்பளத்தை வாங்கி, மளிகைக் கடைக்குப் பாதி, சீட்டுக்குப் பாதி கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கிற சிரிப்போடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிற திருப்பூர்ப் பெருமக்களே! (கைதட்டல்)

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் ஒரு பெரிய ஆயுதத்தை எடுத்து வீசிவிட்டுப் போயிருக்கிறார். குண்டு வீசும் விமானத்தைப் பற்றிய ஆயுதம். ஆனால் அவர் ஒரு தப்புப் பண்ணிட்டாருங்க ஐயா. போன வாரம் ஒத்திகையிலேயே அதை எடுத்துக் காட்டிட்டார். எதிரியிடம் ஆயுதத்தை முன்கூட்டிக் காட்டலாமா? நான் ஒரு வாரமா அதைத்தான் கழற்றிக் கழற்றிப் பார்த்துக்கிட்டிருக்கேன். (சிரிப்பு)

நடுவர்: கழற்றினது சரிம்மா. திரும்ப மாட்டத் தெரியுமா?

மாட்டத் தெரியும் ஐயா. நான் ஒரு ஃபிட்டருடைய மகள்! (பலத்த கைதட்டல்)

பேராசிரியர் சொன்னது 'ட்வெல்வ் ஓ கிளாக் ஹை' என்கிற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். 1964 முதல் 1967 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் மூன்று பருவமாக ஓடியது. இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து கிளம்பி, ஜெர்மனி மேல் குண்டு வீசப் போகிற பி-17 விமானக் குழுக்களின் கதை. அதற்கு முன்னாலேயே 1948-ல் நாவலாக வந்து, 1949-ல் கிரிகரி பெக் நடித்துப் படமாகவும் வந்தது. தலைப்புக்கு அர்த்தம் என்னன்னா, விமானத்தின் மூக்கைப் பன்னிரண்டு மணியாக வைத்துக்கொண்டு திசை சொல்லுவாங்களாம். பன்னிரண்டு மணின்னா நேர் எதிரே. ஹைன்னா மேலே. 'எதிரி நேர் எதிரே, மேலேயிருந்து வர்றான்' என்று எச்சரிக்கை. நம்ம திருப்பூரில் பன்னிரண்டு மணின்னா ஒரே ஒரு அர்த்தம்தான்: நைட் ஷிப்டுக்கு டீ வர்ற நேரம்! (சிரிப்பு)

அந்தப் படத்தை மேலாண்மைப் பயிற்சிகளில் போட்டுக் காட்டுகிறார்கள், தலைவன் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பாடமே அதுதான் என்றார் பேராசிரியர். உண்மைதான். மறுக்கவில்லை. அதனால் அந்தத் தொடரை நானும் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். அண்ணன் பையன் செல்போனில் தேடி எடுத்துக் கொடுத்தான். பக்கத்தில் எங்க அப்பாவை உட்கார வைத்துக்கொண்டேன்.

எங்க அப்பா முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் பார்த்த ஃபிட்டர். இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் படம் முழுக்கக் கண் இமைக்காமல் பார்த்தார். நான் கதாநாயகன் முகத்தைப் பார்க்கிறேன். அவர் வேறெதையோ பார்க்கிறார். திடீர்னு சொல்றார்: "ஏன் அம்மிணி, அந்த மனுசன் என்னமோ நீட்டி முழக்கிப் பேசிக்கிட்டிருக்கறான். பின்னால ஒருத்தன் ஏணி போட்டு எஞ்சின் மூடியத் தொறந்துக்கிட்டு நிக்கறானே, அவனை ஏன் காட்ட மாட்டேங்கறாங்க?" (கைதட்டல்)

நடுவர் ஐயா, என் கட்சி இவ்வளவுதான். நான் இப்போதே உட்கார்ந்தாலும் தீர்ப்பு எங்களுக்குத்தான். இருந்தாலும் நேரம் கொடுத்திருக்கிறீர்கள், பேசிவிடுகிறேன். (சிரிப்பு)

முதல் வாதம். அந்தத் தொடரின் முதல் பருவத்தில் தலைவன் பிரிகேடியர் ஜெனரல் ஃப்ராங்க் சாவேஜ். நடித்தவர் ராபர்ட் லான்சிங். கண்டிப்பானவர், கம்பீரமானவர். இரண்டாவது பருவத்தின் முதல் கதையிலேயே அவரைச் சாகடித்துவிட்டார்கள்! தலைவன் போய்ச் சேர்ந்தார். தொடர் நின்றதா? இல்லை. அந்த இடத்துக்கு ஜோ காலகர் என்கிற பாத்திரத்தில் பால் பர்க் வந்தார். ஓடுபாதையும் விமானங்களும் அப்படியே இருந்தன. அலுவலகம் பார்க்கிற மேஜர் ஸ்டோவல் இருந்தார். வைத்தியர் கைசர் இருந்தார். எஞ்சினைப் பார்த்துக்கொள்ள கொமான்ஸ்கி என்று ஒரு சார்ஜென்ட் வந்தார். பேராசிரியர் அவர்களே, தலைவன் இல்லாமல் உங்கள் தொடரே இன்னும் இரண்டு பருவம் ஓடியிருக்கிறது, இதை என்ன சொல்லுகிறீர்கள்? (பலத்த கைதட்டல்)

நடுவர்: வேற தலைவன் வந்துட்டாரேம்மா?

வந்தார் ஐயா. அதைத்தான் சொல்கிறேன். தலைவனை மாற்ற முடிந்தது. மொத்தக் குழுவையும் மாற்றியிருந்தால் அது வேறு தொடர்!

இரண்டாவது வாதம். ஒரு பி-17 விமானத்தில் பத்துப் பேர். விமானி, துணை விமானி, வழி சொல்கிறவர், குண்டு போடுகிறவர், எஞ்சினைக் கவனிக்கிறவர், ரேடியோக்காரர், வயிற்றுப் பக்கம் உருண்டைக் கூண்டுக்குள் முடங்கிக் கிடந்து சுடுகிறவர், இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர், வாலில் ஒருத்தர். வாலில் உட்கார்ந்திருப்பவருக்குப் போகிற இடம் தெரியாது, வந்த வழி மட்டும்தான் தெரியும். ஆனால் பின்னால் வருகிற எதிரியை முதலில் பார்ப்பது அவர்தான்.

இதை நம்ம ஊர் பாஷையில் சொல்கிறேன். கட்டிங் மாஸ்டர், ஓவர்லாக், ஃப்ளாட்லாக், சிங்கர் டைலர், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒரு டி-சர்ட்டுக்குள் இத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் செக்கிங்கில் நின்றவள்தான். அதாவது நான் வாலில் இருந்த ஆள்! பெட்டி கட்டுவதற்கு முன்னால் ஓட்டையைக் கடைசியாகப் பார்ப்பது நாங்கள்தான். நாங்கள் ஒரு நிமிஷம் கண் அசந்தால், ஐரோப்பாவில் ஒரு கடையில் ஒரு அம்மா அந்தச் சட்டைக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். (சிரிப்பு)

சிரிப்புக்கு நடுவில் ஒரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் விமானக் குழுவினராகப் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அதில் உயிரோடு திரும்பாதவர்கள் 55,573 பேர். அமெரிக்காவின் எட்டாவது விமானப்படையில் மட்டும் 26,000 பேருக்கு மேல் போனார்கள். இதில் தளபதிகள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். மிச்சம் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் குண்டுகள் விழுந்த ஊர்களிலும் அடுப்பு எரிந்தது, தொட்டில் ஆடியது. போரை நான் புகழவில்லை. போரிலே கூட, புகழ் மேலே போய்ச் சேர்கிறது, சாவு கீழே வந்து சேர்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். (கைதட்டல்)

'எல்லாம் அமெரிக்காக் கதையாகவே இருக்கிறதே, நம்ம பக்கம் எதுவும் இல்லையா?' என்று கேட்பீர்கள். இருக்கிறது. பக்கத்திலேயே இருக்கிறது.

1942-ஆம் வருஷம் ஏப்ரல் 4. ஜப்பான் கப்பற்படை இலங்கையை நோக்கி வருகிறது. இலங்கையின் கொக்கலையிலிருந்து கிளம்பிய ஒரு கட்டலினா விமானம் அதைப் பார்த்துவிட்டது. விமானியின் பெயர் லியோனார்ட் பர்ச்சல், கனடாக்காரர். 'இலங்கையைக் காப்பாற்றியவர்' என்று அவரைப் புகழ்ந்தார்கள். தகுதியானவர்தான். ஆனால் அந்த விமானத்தில் இருந்தவர்கள் ஒன்பது பேர். கடலுக்கு மேல் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று கணக்குப் போட்டவர் ஒருத்தர். எதிரி விமானங்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போதே அந்தச் செய்தியைத் தட்டித் தட்டி அனுப்பியவர் ரேடியோக்காரர். விமானம் விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். ஆறு பேர் சிறைப்பட்டார்கள். செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில் குண்டு விழுந்தபோது அங்கே முன்கூட்டியே தெரிந்திருந்தது. அதற்கடுத்த நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அந்த ஏப்ரலில் மெட்ராஸே மூட்டை கட்டிக்கொண்டு காலி பண்ணிக் கிளம்பியதை உங்கள் வீட்டுப் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். பர்ச்சல் பெயர் சரித்திரத்தில் இருக்கிறது. செய்தியைத் தட்டிய விரலின் பெயர் இந்த அரங்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இன்னும் பக்கத்தில் வாருங்கள். பல்லடம் தாண்டினால் சூலூர். இன்றைக்கு அங்கே தேஜஸ் விமானம் பறக்கிறது. 2018-ல் தேஜஸ் படைப்பிரிவு அங்கே வந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சூலூர் என்ன செய்துகொண்டிருந்தது தெரியுமா? பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுது பார்க்கிற இடமாக இருந்தது. கொங்கு நாடு அந்தப் போருக்குக் கொடுத்தது ஸ்பானர் பிடித்த கைகள். நம்ம மண்ணுக்கு அன்றைக்கே அது கைவந்த வேலை! (கைதட்டல்)

மூன்றாவது வாதம், கான்பூர். இதை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். போர் முடிந்தது. லிபரேட்டர் என்கிற நாலு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் குவித்துப் போட்டார்கள். மறுபடியும் யாரும் பறக்கக் கூடாது என்று கருவிகளை எல்லாம் உடைத்துவிட்டுப் போனார்கள். சுதந்திரம் வந்தது. நம்ம விமானப்படைக்குக் குண்டுவீச்சு விமானம் வேண்டும். வாங்கக் காசு இல்லை. பெங்களூர் இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனி ஆட்கள் போனார்கள். 1948-ல் அந்தக் காயலான் குவியலுக்குள் இறங்கி, இதில் ஒரு பாகம், அதில் ஒரு பாகம் என்று எடுத்து, பறக்கிற அளவுக்குத் தேற்றினார்கள். ஜாம்ஷெட் முன்ஷி என்கிற சோதனை விமானி அவற்றை ஒவ்வொன்றாகப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே முழுசாகச் சரி பண்ணினார்கள். இப்படி நாற்பது விமானம் போலத் தேறியது. 1948 நவம்பரில் அந்த லிபரேட்டர்களை வைத்து ஐந்தாவது படைப்பிரிவு தொடங்கியது. 1968 வரைக்கும் நம்ம நாட்டில் லிபரேட்டர் பறந்தது. இங்கிலாந்து அருங்காட்சியகத்திலேயே இன்றைக்கு நிற்கிற லிபரேட்டர் நம்ம விமானப்படை ஓட்டிக்கொண்டிருந்ததுதான். உடைத்தவன் ஊரிலேயே, ஒட்டினவன் வேலை காட்சிக்கு நிற்கிறது! (பலத்த கைதட்டல்)

முன்ஷி துணிச்சல்காரர். கும்பிடுகிறேன். ஆனால் யாரோ திருகி வைத்த திருகாணியை நம்பித்தானே அவர் ஏறி உட்கார்ந்தார்? ஓட்டியவர் பெயர் இருக்கிறது. திருகியவர் பெயர் எங்கே?

இந்த இடத்தில் பேராசிரியர் கேட்கலாம்: 'பெயர் இல்லாவிட்டால் என்னம்மா? வேலை நடந்தால் போதாதா?' போதாது ஐயா. ஏன் போதாது என்று என் வீட்டிலிருந்து சொல்கிறேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது நடந்தது. அப்பா வேலை பார்த்த கம்பெனியில் ஒரு பெரிய ஆர்டர். துணியில் எண்ணெய்க் கோடு விழுந்துவிட்டது. நூலில் தப்பா, மெஷினில் தப்பா, சாயத்துக்குப் போன இடத்தில் தப்பா என்று யாரும் பார்க்கவில்லை. 'மெஷின் பார்த்தது யார்?' என்று ஒரு குரல். அத்தனை பேருக்கு நடுவில் எங்க அப்பா பெயரை முழுசாக, அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். இரண்டு வாரம் சம்பளம் பிடித்தார்கள். அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் ராத்திரிக்குக் கஞ்சிதான். அப்புறம் நூலில்தான் கோளாறு என்று தெரிந்தது. பிடித்த காசைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கூட்டிவைத்துச் சொன்ன பெயரை, மறுபடி கூட்டிவைத்து 'இவர்மேல் தப்பில்லை' என்று யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் கம்பெனி ஆண்டு விழா. நல்ல லாபம். மேடையில் முதலாளி, வெளிநாட்டிலிருந்து வந்த பையர், மேனேஜர். ஒவ்வொருவருக்கும் பொன்னாடை. நானும் அம்மாவும் கடைசி வரிசையில். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. அப்பாதான் ஜெனரேட்டர் ஷெட்டுக்கு ஓடினார். ஐந்து நிமிஷத்தில் விளக்கு எரிந்தது. விளக்கு எரிந்ததும் மேனேஜருக்குக் கேடயம் கொடுத்தார்கள், எல்லோரும் கைதட்டினோம். வீட்டுக்கு வந்து அப்பா சொன்னார்: "நான் லைட்டுப் போட்டதும் என்ன கைதட்டு கேட்டியா அம்மிணி! ஷெட்டு வரைக்கும் கேட்டுச்சு!" (அரங்கம் அமைதி)

அது மேனேஜருக்குத் தட்டிய கை என்று நான் இன்றைக்கு வரைக்கும் அவரிடம் சொல்லவில்லை.

நடுவர் ஐயா, பேராசிரியர் சொன்ன அந்த 1949 படத்திலும் இதே கதைதான் வருகிறது. ஒரு பயணத்தில் வழி சொல்கிற இளைஞன் கணக்கில் பிசகுகிறான். மூன்று நிமிஷம் தாமதம். அந்தத் தாமதத்தில் விமானங்கள் போகின்றன. அவன் பெயர் விசாரணையில் மேலே வருகிறது. அந்தப் பையன் தன் உயிரையே மாய்த்துக்கொள்கிறான். வெற்றி வந்தால் 'தளபதியின் திட்டம்', தோல்வி வந்தால் 'அந்தப் பையனின் மூன்று நிமிஷம்'. வெற்றிக்குத் தலைவன்தான் காரணம் என்றால், தோல்விக்கும் அவர்தானே காரணம்? லாபத்தை மேலே எழுதிவிட்டு நஷ்டத்தைக் கீழே எழுதுவது எந்த ஊர்க் கணக்குப் புத்தகம் ஐயா? (பலத்த கைதட்டல்)

ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். அதே படத்தில் பழைய தளபதி அந்தப் பையனைக் காட்டிக்கொடுக்க மறுக்கிறார். அதற்காகத் தன் பதவியையே இழக்கிறார். அப்படிப்பட்ட தலைவர்கள் நம்ம ஊரிலும் இருக்கிறார்கள். தீபாவளி போனஸுக்கு வீட்டு நகையை வைத்துக் கொடுத்த முதலாளிகளை எனக்குத் தெரியும். கட்டிங் டேபிளில் தானே நின்று வேலை கற்றுக்கொண்டு முதலாளியானவர்கள் இந்த அரங்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தலைவனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விமானி இல்லாவிட்டால் விமானம் கிளம்பாது. ஆனால் தலைப்பு என்ன? 'பெரிதும் காரணம் யார்?' அந்தப் 'பெரிதும்' என்கிற வார்த்தைக்குத்தான் நான் வாதாடுகிறேன்.

கடைசியாக ஒன்று. இது திருப்பூர். இந்த ஊரில் நின்றுகொண்டு இந்தத் தலைப்பைக் கேட்கலாமா? 1932 ஜனவரி 10. இதே ஊர்த் தெருவில் ஒரு ஊர்வலம் போனது. தலைமை தாங்கியவர் பி.எஸ். சுந்தரம். அவரும் அடி வாங்கினார், பின்வாங்கவில்லை. ஆனால் தடியடியில் மண்டை உடைந்து கீழே விழுந்தும், கையில் இருந்த கொடியை விடாமல் பிடித்திருந்தவர் யார்? அணியில் நடந்த ஒரு தொண்டர். சென்னிமலையில் பிறந்த குமரன். மறுநாள் உயிர் போனது. கொடி காத்த குமரன் என்று நாம் கொண்டாடுகிறோமே, அவர் அன்றைக்குத் தலைவர் இல்லை ஐயா! உடன் நடந்தவர்! உலகத்தில் எல்லா ஊரும் தலைவனுக்குச் சிலை வைக்கும். தொண்டனுக்கு நினைவு மண்டபம் வைத்த ஊர் இது! இங்கே வந்தா எங்களைத் தோற்கடிக்கப் பார்க்கிறீர்கள்? (நீண்ட கைதட்டல்)

இன்றைக்கு அப்பாவை இங்கே கூப்பிட்டேன். முட்டி வலி, வரவில்லை. கிளம்பும்போது ஒன்றே ஒன்று சொன்னார்: "பேச்செல்லாம் இருக்கட்டும், அங்க ஜெனரேட்டர் யாரு பாக்கறாங்கன்னு கேட்டுட்டு மேடை ஏறு." போய்க் கேட்டேன். இந்த மண்டபத்துக்குப் பின்னால், டீசல் வண்டி பக்கத்தில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு தம்பி நின்றுகொண்டிருக்கிறார். "டீசல் இருக்குதுங்களா தம்பி?" என்றேன். "மூணு மணி நேரத்துக்கு இருக்குதுங்க அக்கா, நீங்க தைரியமாப் பேசுங்க" என்றார்.

அவர் சொன்ன தைரியத்தில்தான் இவ்வளவு நேரம் பேசினேன். இந்த முறை நீங்கள் தட்டப்போகிற கை எனக்கு வேண்டாம். அந்த ஷெட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி அவருக்குத் தட்டுங்கள்.

(அரங்கமே எழுந்து நின்று கைதட்டல்)

உடன் நிற்பவர்களே காரணம் என்று நல்ல தீர்ப்புச் சொல்லுமாறு நடுவர் ஐயாவைக் கேட்டு விடைபெறுகிறேன்.